தரையை ஒட்டிப் பறப்பது எப்படி இருக்கும்?

1943 மே 16ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் புறப்பட்டன. அவை சுமந்து சென்ற குண்டு, நீரின் மேல் தத்தித் தத்திச் சென்று அணைச் சுவரை அடைய வேண்டும். குளத்தில் தட்டையான ஓட்டுச்சில்லை வீசித் தத்தவிடுவோமே, அதே உத்திதான். முதலில் 150 அடி உயரத்தில் குண்டை விடுவதாகத் திட்டம். சோதனையில் அதன் வெளி உறை நீரில் மோதிச் சிதறியதால் உயரத்தை 60 அடியாகக் குறைத்தார்கள்.

60 அடி என்பது 18 மீட்டர். லங்காஸ்டரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 102 அடி. ஆக, தன் இறக்கையின் நீளத்தைவிடக் குறைந்த உயரத்தில், நிலவொளியை மட்டும் நம்பி, கரிய நீரின் மேல், நான்கு எஞ்சின் கொண்ட கனத்த விமானத்தை மட்டமாகப் பிடித்து ஓட்ட வேண்டும். அப்போது எழுந்த கேள்வி மிக எளிமையானது: 60 அடியில்தான் இருக்கிறோம் என்பது விமானிக்கு எப்படித் தெரியும்?

அதற்குக் கிடைத்த விடையும் எளிமையானதுதான். விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைப் பொருத்தினார்கள், ஒன்று முன்பக்கம், ஒன்று பின்னால். இரண்டின் ஒளிக்கற்றைகளும் சரியாக 60 அடிக்குக் கீழே ஒன்றையொன்று தொடும்படி சாய்த்து வைத்தார்கள். நீரில் விழும் இரு ஒளி வட்டங்களையும் நேவிகேட்டர் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, அவை எட்டு என்ற எண்ணின் வடிவில் ஒட்டி நிற்கும்வரை, மேலே போ, கீழே இறங்கு என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். விமானி முன்னால் பார்த்தபடி அந்தக் குரலுக்கேற்ப ஓட்டுவார்.

தாழப் பறப்பதைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்த விளக்குகளிலிருந்துதான் தொடங்குவேன். தரைக்கு அருகில் பறக்கும் எந்த விமானிக்கும், அவர் போர் விமானம் ஓட்டினாலும் பயிருக்கு மருந்து தெளித்தாலும், முதல் சிக்கல் இதுவே. நான் இப்போது எவ்வளவு தாழ்வில் இருக்கிறேன்?

உயரத்தை அறிவது ஏன் இவ்வளவு கடினம்

விமானத்தில் உயரமானி இருக்கிறதே என்று தோன்றலாம். வழக்கமான உயரமானி உண்மையில் காற்றழுத்தமானிதான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவை அடிக்கணக்காக மாற்றி அது காட்டுகிறது. கடல்மட்டத்துக்கு அருகில் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் உயரமானி சுமார் 30 அடி மாறும். வானிலை சற்றே மாறி, அழுத்தம் இரண்டு ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருந்தால் 60 அடிப் பிழை வந்துவிடும். 30,000 அடியில் பறப்பவருக்கு அது பொருட்டே இல்லை. 60 அடியில் பறப்பவருக்கு அதுதான் முழு உயரமும்.

மேலும், காற்றழுத்த உயரமானி கடல்மட்டம் போன்ற ஒரு நிலையான மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. கீழே குன்று எழும்புகிறதா, பள்ளம் விழுகிறதா என்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறையைப் போக்க வந்தது ரேடியோ உயரமானி. அது கீழ்நோக்கி ரேடியோ அலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு உயரத்தை அளக்கிறது. பயணிகள் விமானங்களில் இது பொதுவாக 2,500 அடிக்குக் கீழே வந்தவுடன் உயரத்தைக் காட்டத் தொடங்கும். தாழப் பறப்பவருக்குப் பேருதவிதான். ஆனால் அது பார்ப்பது நேர் கீழே மட்டும். எதிரே செங்குத்தாக நிற்கும் மலையை அது முன்கூட்டிச் சொல்லாது. அதற்கு முன்னோக்கிப் பார்க்கும் ரேடார் வேண்டும். எஃப்-111, டொர்னாடோ போன்ற போர் விமானங்களில் இருந்த நிலத்தொடர் ரேடார் முன்னால் உள்ள மேடுபள்ளங்களை அளந்து, விமானத்தைத் தானாகவே ஏற்றி இறக்கி, 200 அடி உயரத்தில் இரவிலும் கொண்டுசெல்லும். தன் கையை எடுத்துவிட்டு, இருட்டில் மலைகளுக்கிடையே இயந்திரம் தன்னை இட்டுச்செல்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குத் தனி மனத்துணிவு வேண்டும்.

மற்ற பெரும்பாலான தாழ்வுப் பறத்தல் கண்ணை நம்பித்தான் நடக்கிறது. கண் எதைக் கொண்டு உயரத்தை ஊகிக்கிறது?

ஓடும் ரயிலின் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். தொலைவில் உள்ள மலை நகர்வதே தெரியாது. தண்டவாளத்தை ஒட்டிய செடிகள் கோடுகளாக ஓடும். காட்சி எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பதிலிருந்து தொலைவையும் வேகத்தையும் மூளை ஊகிக்கிறது. இதைக் காட்சி ஓட்டம் என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப்படைக்காகப் பணியாற்றிய உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், தரையிறங்கும் விமானியின் கண்ணுக்கு முன்னால் நிலம் எப்படி விரிந்து ஓடுகிறது என்பதை ஆராய்ந்தே தன் பார்வைக் கோட்பாட்டின் முக்கியமான பகுதியை உருவாக்கினார்.

கணக்கு எளிது. வேகத்தை உயரத்தால் வகுத்தால் நேர் கீழே உள்ள நிலம் கண்ணுக்கு எவ்வளவு விரைவாக ஓடும் என்பது கிடைத்துவிடும். 35,000 அடியில் நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்லும் பயணிகள் விமானத்திலிருந்து பார்த்தால் நிலம் நொடிக்கு ஒன்றேகால் பாகைக்குச் சற்றுக் கூடுதலாக மெல்ல ஊர்கிறது. 100 அடியில் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் செல்லும் சிறிய விமானத்திலிருந்து பார்த்தால் நொடிக்கு 110 பாகைக்கும் மேல் ஓடுகிறது. வேகம் நான்கில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியும் ஓட்டமோ ஏறக்குறைய 85 மடங்கு. முதன்முறை தாழப் பறப்பவர்கள் எல்லோரும் சொல்லும் அந்த வேக உணர்ச்சிக்கு இதுவே காரணம். வேகமானியின் முள் நகரவில்லை. ஆனால் உலகம் திடீரென்று பாயத் தொடங்கிவிடுகிறது.

இப்படிக் கண்ணை நம்புவதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நிலத்தில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். மரம், புதர், வரப்பு, கல், அலை என்று கண் பற்றிக்கொள்ள ஒன்று வேண்டும். மொட்டைப் பாலைவனத்திலும் பனிவெளியிலும் அது கிடைக்காது. புதரை மரமென்று எண்ணிவிட்டால் இன்னொரு தவறு நேரும். பத்தடி உயரக் குற்றுச்செடிகளை நாற்பதடி மரங்களாக எண்ணும் விமானி, தான் மிக உயரத்தில் இருப்பதாக நம்பி இன்னும் கீழே இறங்குவார். புதிய நிலப்பகுதிக்கு வந்தவுடன் அங்கே மரங்கள் எவ்வளவு உயரம் வளரும் என்று தாழப் பறப்பவர்கள் விசாரித்துக்கொள்வதற்குக் காரணம் இது.

1979 நவம்பர் 28 அன்று அண்டார்டிகாவைச் சுற்றிக்காட்டச் சென்ற ஏர் நியூசிலாந்து விமானம் எரெபஸ் மலையில் மோதி, அதிலிருந்த 257 பேரும் இறந்தார்கள். கணினியில் பதியப்பட்டிருந்த பாதை மாற்றப்பட்டது விமானிகளுக்குத் தெரிவிக்கப்படவில்லை. மேகத்துக்குக் கீழே காற்று தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் மேலே வெண்மேகம், கீழே வெண்பனி. நடுவில் எழுந்து நின்ற மலைச்சரிவு கண்ணுக்கு மட்டமான பனிவெளியாகவே தெரிந்தது. நிழல் இல்லை, விளிம்பு இல்லை. கண் திறந்திருந்தும் நேரே இருந்த மலை தெரியாமல் போனது. தாழப் பறப்பதைப் பற்றிய பாடங்களில் என்னை மிகவும் வருத்துவது இந்த விபத்துதான்.

உயரம் என்பது நேரம்

ஒரு ஜெட் போர் விமானம் தாழ்வாகப் பயிற்சி செய்யும்போது சாதாரணமாக 450 நாட் வேகத்தில் செல்லும் என்று கொள்வோம். மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர். நொடிக்கு 760 அடி. விமானம் 100 அடி உயரத்தில் இருக்கிறது. மூக்கு ஒரே ஒரு பாகை கீழே சாய்ந்துவிட்டால், தரையைத் தொட ஏழரை நொடி. ஐந்து பாகை சாய்ந்தால் ஒன்றரை நொடி. ஒரு பாகைச் சாய்வை உடலால் உணரவே முடியாது.

திரும்பும்போது இது இன்னும் மோசம். 60 பாகை சாய்ந்து மட்டமாகத் திரும்ப வேண்டுமானால் இறக்கை, விமானத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு விசையைத் தர வேண்டும். விமானி அதற்கேற்பக் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்துப் பிடித்திருக்கிறார். அந்த நேரத்தில் பின்னால் வரும் கூட்டாளி விமானம் எங்கே என்று தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறார். கை அதே அளவு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் சாய்வு மட்டும் தெரியாமல் 70 பாகை ஆகிவிடுகிறது. இப்போது மேல்நோக்கிய விசை எடையில் முக்கால் பங்கு கூட இல்லை. விமானம் இறங்கத் தொடங்குகிறது. 100 அடியும் தீர நான்கரை நொடி போதும். கழுத்தைத் திருப்பி, தேடி, கண்டுபிடித்து, மீண்டும் முன்னால் பார்ப்பதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

ஆகவே தாழப் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் வேலைகளை இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். தரையில் மோதாமல் இருப்பது ஒரு வேலை. வரைபடம் பார்ப்பது, வானொலியில் பேசுவது, எரிபொருள் கணக்குப் போடுவது, கூட்டாளியைத் தேடுவது எல்லாம் சேர்ந்து இன்னொரு வேலை. முதல் வேலை முழுதாக முடிந்து நேரம் மிஞ்சினால் மட்டுமே இரண்டாவதற்குப் போகலாம். நேராகவும் மட்டமாகவும் செல்லும்போது ஓரிரு நொடி கிடைக்கும். திரும்பும்போது எதுவும் கிடைக்காது. பார்க்க வேண்டியதைத் திரும்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வேலை கைமீறுகிறது என்று தோன்றினால் முதலில் மேலே ஏறு, பிறகு யோசி என்பது அடுத்த விதி. சாதாரணப் பயணத்தில் குழப்பம் வந்தால் சற்று நிதானிக்கலாம். இங்கே அந்த நிதானம் மேலே இருக்கிறது. அங்கே போய்த்தான் அதைப் பெற வேண்டும்.

இவ்வளவு ஆபத்து இருந்தும் ராணுவம் ஏன் தாழப் பறக்கிறது? ரேடார் அலை நேர்க்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. தரைமட்டத்தில் உள்ள ரேடாருக்கு 30,000 அடியில் வரும் விமானம் சுமார் 390 கிலோமீட்டர் தொலைவிலேயே தென்படக்கூடும். 100 அடியில் வரும் விமானம் 23 கிலோமீட்டருக்குள் வந்த பிறகே அடிவானத்துக்கு மேலே எழும். இடையில் குன்றுகள் இருந்தால் அதுவும் இல்லை. 1982இல் ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டின விமானிகள் இப்படிக் கடலை ஒட்டி வந்து பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கினார்கள். அவர்கள் எவ்வளவு தாழ்வாக வந்தார்கள் என்றால், விடப்பட்ட குண்டுகள் பலவற்றின் வெடிப்பொறி இயங்குவதற்குள்ளேயே அவை கப்பலைத் துளைத்துவிட்டன, வெடிக்கவில்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மாக் லூப் என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்குத் தொடர் இருக்கிறது. போர் விமானங்கள் அங்கே 250 அடி வரை இறங்கிப் பயிற்சி செய்கின்றன. மலைச்சரிவில் நிற்பவர்கள் தலையை நிமிர்த்தாமல், குனிந்து கீழே பார்த்து விமானத்தின் முதுகையும் விமானியின் தலைக்கவசத்தையும் காண்கிறார்கள்.

தரைக்கு மேல் மெத்தைபோல் ஒரு காற்று

தாழப் பறந்தவர்கள் எல்லோரும் குறிப்பிடும் இன்னொரு அனுபவம், தரைக்கு மிக அருகில் விமானம் மிதக்கத் தொடங்குவது. எஞ்சின் விசையைக் குறைத்துவிட்ட பிறகும் கீழே இறங்க மறுத்து வழுக்கிக்கொண்டே போகும். கற்றுக்குட்டிகள் ஓடுபாதையின் பாதியை இப்படித் தவறவிடுவார்கள். இதைத் தரை விளைவு என்கிறோம். விமானிகள் கிரவுண்ட் எஃபெக்ட் என்பார்கள்.

கீழே அழுத்தப்பட்ட காற்று விமானத்தைத் தாங்குகிறது என்று பலர் சொல்வார்கள். மெத்தை என்ற உவமை மனத்தில் நிற்கும்தான், ஆனால் முக்கியமான காரணம் இறக்கை முனையில் இருக்கிறது. பறக்கும்போது இறக்கையின் அடியில் அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. ஆகவே அடிக்காற்று முனையைச் சுற்றி மேலே ஏற முயல்கிறது. இரு முனைகளிலும் சுழல் உண்டாகி விமானத்தின் பின்னால் கயிறுபோல் நீள்கிறது. இந்தச் சுழல்கள் இறக்கையைச் சுற்றியுள்ள காற்றோட்டத்தைக் கீழ்நோக்கி வளைக்கின்றன. காற்றோட்டம் சாய்ந்தால் தூக்குவிசையும் சற்றே பின்பக்கம் சாயும். அந்தப் பின்சாய்வுதான் ஒருவகை இழுவை விசையாக விமானத்தைத் தடுக்கிறது. விமானம் மெதுவாகச் செல்லும்போது இது மிகுதி.

இப்போது விமானம் தரைக்கு அருகில் வருகிறது. கீழ்நோக்கி வளைய வேண்டிய காற்றுக்குப் போக இடமில்லை, தரை தடுக்கிறது. சுழல்களும் முழுதாக உருள முடியாமல் நசுங்குகின்றன. இழுவை குறைகிறது. இறக்கையின் இரு முனைகளுக்கு இடையிலான நீளத்தைக் கொண்டு இதை அளப்பார்கள். அந்த நீளத்துக்குச் சமமான உயரத்தில் இந்த வகை இழுவை 1.4 சதவீதம்தான் குறையும். கால் பங்கு உயரத்துக்கு வந்தால் 23.5 சதவீதம் குறையும். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் 47.6 சதவீதம். இறக்கை பத்து மீட்டர் நீளம் என்றால், அது தரையிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும்போது இந்த இழுவையில் பாதி போய்விடுகிறது. விமானம் இறங்க மறுப்பதில் வியப்பில்லை.

இதில் ஒரு பொறியும் உண்டு. எடை கூடிய விமானத்தை வெப்பமான நாளில் ஓடுபாதையிலிருந்து அவசரமாக எழுப்பினால், தரை விளைவின் உதவியால் அது எழுந்துவிடும். எழுந்ததைப் பார்த்து விமானி மூக்கை உயர்த்தி ஏறப் பார்க்கிறார். இருபது, முப்பது அடி போனதும் அந்த உதவி விலகிவிடுகிறது, இழுவை திரும்பி வருகிறது, வேகம் போதவில்லை. விமானம் மேலே போகவும் முடியாமல் நின்ற இடத்திலிருந்து அமிழ்கிறது. கரடுமுரடான புல்தரையிலிருந்து எழுபவர்கள், சக்கரம் தரையை விட்டதும் ஓரிரு மீட்டர் உயரத்திலேயே பிடித்துவைத்து, வேகம் சேர்ந்த பிறகே ஏறுவார்கள். தரை விளைவைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தும் அழகான முறை அது.

கடற்கூழைக்கடாக்கள் அலைக்குச் சற்று மேலே சிறகசைக்காமல் வரிசையாக வழுக்கிச் செல்வதும் இதன் துணையால்தான். இதையே அடிப்படையாக வைத்து சோவியத் பொறியாளர் ரோஸ்டிஸ்லாவ் அலெக்சேயெவ் எக்ரனோபிளான் என்ற ஊர்திகளை உருவாக்கினார். 1966இல் முதன்முதலில் பறந்த கே.எம். என்ற ஊர்தி 90 மீட்டருக்கு மேல் நீளம், 544 டன் வரை எடை. நீருக்குச் சில மீட்டர் மேலேயே காஸ்பியன் கடலில் பாய்ந்தது. அமெரிக்க உளவு செயற்கைக்கோள் படங்களில் அதைக் கண்டவர்கள் என்னவென்று புரியாமல் காஸ்பியன் கடல் அரக்கன் என்று பெயரிட்டார்கள்.

வயலுக்கு மேலே

1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊருக்கு அருகே, புழு அரித்துக்கொண்டிருந்த கட்டால்பா மரத்தோப்பின் மேல் லெப்டினன்ட் ஜான் மக்ரெடி ஒரு கர்டிஸ் ஜென்னி விமானத்திலிருந்து ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். வான்வழிப் பயிர்ப் பாதுகாப்பின் தொடக்கம் அது. இன்று உலகில் அன்றாட வேலையாகவே மிகத் தாழப் பறப்பவர்கள் இந்த விவசாய விமானிகள்தான். பயிரின் மேல் மூன்று, நான்கு மீட்டர் உயரம். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் வேகம். அதுவும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை.

ஒரு ஓட்டத்தை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். விமானி வயலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிக் கம்பங்களை எண்ணிவிட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து என்று புகையையோ தூசியையோ பார்த்துத் தெரிந்துகொண்டார். காற்று வீசிச் செல்லும் பக்கத்து ஓரத்திலிருந்து தொடங்குவார், அப்போதுதான் தான் தெளித்த மருந்துக்குள் தானே மீண்டும் நுழைய வேண்டியிராது. வயலின் விளிம்பில் மரவரிசை. அதைத் தாண்டியதும் மூக்கைத் தாழ்த்துகிறார். பச்சை மேலே எழுந்து வருகிறது. சக்கரம் பயிரில் உரசும் என்று தோன்றும் இடத்தில் மட்டமாக்குகிறார். அதே நொடியில் மருந்துக் குழாயைத் திறக்கிறார். கீழே பார்க்க எதுவும் இல்லை. நேர் கீழே உள்ள பயிர் வெறும் பச்சைப் பூச்சாக ஓடுகிறது. பார்வை முழுக்க முன்னால், அடுத்த மரவரிசையின் மேல். ஜி.பி.எஸ். விளக்குப் பட்டை கண்ணோரத்தில் இடது, வலது என்று ஒளிர்ந்து அவரைக் கோட்டில் வைத்திருக்கிறது. மரங்கள் பெரிதாகின்றன. குழாயை மூடுகிறார், இழுக்கிறார், வானம் கண்ணாடியை நிறைக்கிறது. முதலில் காற்று போகும் திசையில் சற்று விலகி, பிறகு எதிர்ப்பக்கம் வளைந்து, அடுத்த கோட்டுக்கு வந்து சேர்கிறார். மீண்டும் மூக்கு கீழே.

அவருடைய விமானத்தின் மருந்துக் குழாய் இறக்கையின் முழு நீளத்துக்கும் போவதில்லை. முனைக்குச் சற்று முன்பே முடிந்துவிடும். முனைச் சுழல் மருந்துத் துளிகளை அள்ளி அடுத்த வயலுக்குக் கொண்டுபோய்விடும் என்பதால்தான். மேலே விளக்கிய சுழல் இங்கே ஒரு விவசாயக் கணக்காக வந்து நிற்கிறது.

இவர்களுடைய பெரும் பகை மின்கம்பி. 60 மீட்டர் தொலைவில் கம்பி தெரிந்தால் அதைக் கடக்க ஒரு நொடிதான் இருக்கிறது. எதையும் செய்ய முடியாது. மேலும் கம்பி பின்னணியோடு கலந்துவிடும், சூரியன் எதிரே இருந்தால் மறைந்தேவிடும். ஆகவே கம்பியைத் தேடாதே, கம்பத்தைத் தேடு என்று சொல்லிக்கொடுப்பார்கள். கம்பத்தின் குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் நோக்குகிறதோ அதிலிருந்து கம்பி போகும் திசை தெரியும். கம்பத்துக்கு நேர் மேலாகக் கடந்தால் எவ்வளவு உயரம் தேவை என்பதில் ஐயம் இராது. உயரழுத்தக் கோபுரங்களில் இன்னொரு மறைபொறி உண்டு. தடித்த மின்கம்பிகளுக்கு மேலே, இடியைத் தாங்குவதற்காக மெல்லிய ஒரு கம்பி செல்கிறது. தடித்தவற்றைப் பார்த்துவிட்டு, அவற்றைத் தாண்டிவிட்டோம் என்று நம்பி ஏறுபவர் அந்த மெல்லியதில் சிக்குவார். விவசாய விமானங்களின் காக்பிட் முன்புறத்தில் கம்பி வெட்டும் கத்தியும், கூரையிலிருந்து வால் உச்சிவரை இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியும் இருப்பதற்குக் காரணம் இவைதான். அணைத் தாக்குதலுக்குச் சென்ற லங்காஸ்டர்களிலும் சில, எதிரியின் குண்டுக்கு முன்பே மின்கம்பிகளில் மோதி விழுந்தன.

கொடுமை என்னவென்றால், தெரிந்த கம்பியிலேயே மோதியவர்கள் ஏராளம். காலையில் பார்த்துக் குறித்துவைத்தது, பத்து முறை தாண்டியது. பதினொன்றாவது முறை வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது மறந்துபோனது. வயல் முடியும் தறுவாயில், விடுபட்ட மூலையைத் தெளிக்கத் திசை மாற்றி வரும்போது இது அதிகம் நேர்கிறது.

காற்றின் விளையாட்டும் தரைக்கு அருகில்தான் மிகுதி. காற்று பின்னாலிருந்து வீசும்போது நிலம் விரைந்து ஓடுவதைக் கண்ட விமானி, தான் அதிவேகமாகப் போவதாக எண்ணி விசையைக் குறைக்கிறார். உண்மையில் காற்றோடு ஒப்பிட்ட வேகம் குறைவாகத்தான் இருக்கிறது. இறக்கைக்குத் தெரிவது அது மட்டுமே. விளைவு, இறக்கை தாங்காமல் விமானம் விழும் ஸ்டால். 5,000 அடியில் ஸ்டால் ஒரு பயிற்சி. 100 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை.

இந்தத் தொழில்களைச் செய்கிறவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். காட்டுத்தீயை அணைக்கும் சி.எல்.-415 விமானம் ஏரியின் மேல் உரசியபடி 12 நொடியில் சுமார் 6,000 லிட்டர் நீரை முகந்துகொள்கிறது. அதாவது விமானி, பறக்கும் வேகத்திலேயே ஆறு டன் எடை கூடும் ஒரு விமானத்தைச் சமாளிக்கிறார். பிறகு அதைப் புகைக்குள் கொண்டுபோகிறார். அவர்களுடைய திறமைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மணி நேரப் பழக்கமும் நிலத்தை முன்பே படித்துக்கொள்ளும் வழக்கமும் இருக்கின்றன.

வேடிக்கை காட்டுவதற்காகத் தாழப் பறப்பது முற்றிலும் வேறு. பன்னாட்டு விதிகளின்படி, கண்ணால் பார்த்து ஓட்டும் விமானம் மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கும் மேலே 1,000 அடி, மற்ற இடங்களில் 500 அடி உயரத்துக்குக் குறையாமல் பறக்க வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சிறப்பு அனுமதிக்கும் மட்டும் விலக்கு. 1988 ஜூன் 26 அன்று பிரான்சின் ஹாப்ஸைம் விமானக் கண்காட்சியில் 100 அடியில் கடக்க வேண்டிய புத்தம்புதிய ஏர்பஸ் ஏ320 விமானம், பயணிகளோடு 30 அடி வரை இறங்கி, எஞ்சின் விசை கூடுவதற்குள் மரங்களில் புகுந்தது. 136 பேரில் மூவர் இறந்தார்கள். 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசெயில் அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று அனுமதித்த உயரத்துக்கு வெகு கீழே பள்ளத்தாக்கில் பறந்து கம்பிவட ஊர்தியின் வடத்தை அறுத்தது. உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். அவர்களில் யாரும் அந்தப் பறத்தலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் இல்லை. தாழப் பறப்பதன் கிளர்ச்சியை யார் சொன்னாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்த இருபது பேர்தான்.

கடைசிச் சில அடிகள்

விமானப் பயணம் செய்த எல்லோரும் தாழப் பறந்தவர்கள்தான், ஒவ்வொரு தரையிறக்கத்திலும். பெரிய விமானங்களில் ரேடியோ உயரமானி படிக்கும் எண்களை ஒரு இயந்திரக் குரல் ஐம்பது, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று ஆங்கிலத்தில் சொல்லும். எண்களைவிட அவற்றுக்கிடையிலான இடைவெளியைத்தான் விமானி கேட்கிறார். இடைவெளி சுருங்கினால் விமானம் வேகமாக இறங்குகிறது. நீண்டால் தரை விளைவில் மிதக்கிறது. கற்றுக்குட்டி மூக்குக்கு அருகில் உள்ள தரையைப் பார்ப்பார். அது பாய்ந்து வருவதைக் கண்டு பயந்து சீக்கிரமே இழுத்துவிடுவார். ஓடுபாதையின் மறுமுனையைப் பார் என்று ஆசிரியர் சொல்வார். தொலைவைப் பார்த்தால் உயரம் ஓரக்கண்ணில் தானாகத் தெரியும்.

இந்த உதவிகள் எதுவும் இல்லாமல் இறங்குபவர்களும் உண்டு. காற்றே இல்லாத நாளில் ஏரியில் இறங்கும் கடல்விமான ஓட்டிக்கு நீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. அலை இல்லை, நுரை இல்லை. வானமும் கரையும் தலைகீழாக அதில் தெரிகின்றன. நூறு அடியா, ஐந்தடியா என்பது எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது அவர் உயரத்தை ஊகிக்கும் முயற்சியையே கைவிடுகிறார். முடிந்தால் கரையை ஒட்டி இறங்குகிறார். மூக்கைச் சற்றே உயர்த்தி, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காதபடி எஞ்சின் விசையை அமைத்து, அதன்பின் எதையும் மாற்றாமல் காத்திருக்கிறார். சில நேரம் அது மிக நீண்ட காத்திருப்பு. கை அசையக் கூடாது, நீரைத் தேடி மூக்கைத் தாழ்த்தக் கூடாது. மிதவைகளுக்கு அடியில் சலசலப்பு கேட்டபோதுதான் வந்து சேர்ந்துவிட்டது தெரியும்.